அழற்சிச் சுட்டிகளும் மனச்சோர்வும்: கிள்ளான் பள்ளத்தாக்கு

மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்ற மனநிலைக் கோளாறுகள் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு சி-ரியாக்டிவ் புரதம் (சிஆர்பி), இன்டர்லியூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா ஆகிய அழற்சிச் சுட்டிகள் ரத்தத்தில் கூடுதலாகக் காணப்படுகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் முடுக்கிவிடப்பட்டிருப்பதை இவை காட்டுகின்றன. கோலாலம்பூர் வட்டாரத்தில் இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள, மனநலப் பிரிவைவிடக் கல்லீரல் சிகிச்சைப் பிரிவின் வரலாறே அதிகம் உதவும்.

காய்ச்சலுக்கும் மனத்துக்கும் உள்ள உறவு இங்கே பழையது. 1901இல் கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்புகளை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் காய்ச்சலால் இறந்தோர் அந்த ஆண்டு 368 பேர். அடுத்த ஆண்டு 59. பசியற்று, பேச மனமின்றி, சுருண்டு கிடப்பது காய்ச்சலின் பக்கவிளைவாகவே அன்று கருதப்பட்டது. உடல் தன் ஆற்றலை நோயோடு போராட ஒதுக்கிவைக்கும் உத்தி அது என்று பெஞ்சமின் ஹார்ட் 1988இல் விளக்கினார். 1991இல் ரொனால்ட் ஸ்மித், மனச்சோர்வின் வேர் எதிர்ப்பணுக்கள் சுரக்கும் பொருள்களில் இருக்கலாம் என்ற கருதுகோளை முன்வைத்தார்.

ஊகமாக இருந்ததற்கு வலுவான சான்று தந்தது இன்டர்ஃபெரான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றியவர்கள் மலேசியாவில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுக்குப் பல ஆண்டுகள் கிடைத்த சிகிச்சை, வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். வைரசின் வகையைப் பொறுத்து 24 அல்லது 48 வாரம். ஊசி போட்ட அன்று குளிர்நடுக்கமும் உடல்வலியும் வரும். வாரங்கள் போகப் போக, முன்பு மனநோய் ஏதும் இல்லாதவர்களில்கூடச் சிலர் தூக்கம் கெட்டு, எரிச்சல் மிகுந்து, வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லும் நிலைக்கு வந்தார்கள். இன்டர்ஃபெரான், உடல் தானே சுரக்கும் எதிர்ப்புச் சமிக்ஞை. அது ஐடிஓ என்னும் நொதியைத் தூண்டும். செரோட்டோனின் ஆகக்கூடிய டிரிப்டோஃபான் அதனால் கைனுரெனின் பாதைக்குத் திரும்பிவிடுகிறது. மனம் தளர்ந்த அந்த நோயாளிகளை மனவுறுதி இல்லாதவர்கள் என்று யாராவது பழித்திருந்தால், அது பெரிய அநியாயம். அதே மருந்தை உயர் அளவில் பெற்ற தோல் புற்றுநோயாளிகளிடம் 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்கூட்டியே பரோக்ஸிடின் என்னும் மனச்சோர்வு மருந்தைப் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு வந்தது.

2017 செப்டம்பரில் மலேசிய அரசு, ஹெபடைடிஸ் சிக்கான புதிய மாத்திரையான சோஃபோஸ்புவிர் மருந்துக்கு அரசுப் பயன்பாட்டு உரிமம் வழங்கியது. கோலாலம்பூரின் வடக்கே செலாயாங் மருத்துவமனையும் பங்கேற்ற ராவிடாஸ்விர்–சோஃபோஸ்புவிர் ஆய்வில் 301 பேர் சேர்ந்தனர்; பெரும்பாலோர் 12 வார மாத்திரையிலேயே குணமடைந்தார்கள். ஊசியோடு வந்த மனவேதனையும் இந்தப் புதிய மாத்திரைகளால் விலகியது.

எதிர்த்திசையில், அழற்சியை அடக்கினால் மனச்சோர்வு தணியுமா என்பதை 2013இல் சார்ல்ஸ் ரெய்சன் குழுவினர் சோதித்தனர். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத 60 பேரிடம், டிஎன்எஃப்-ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து பொதுவாகப் பலன் தரவில்லை. சிஆர்பி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலன் தென்பட்டது. அழற்சி எல்லா மனச்சோர்வுக்கும் காரணமல்ல, ஒரு பிரிவினருக்கே பொருந்தும் என்ற பார்வை இதனால் வலுப்பெற்றது.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள தமிழர் ஒருவரின் ரத்த அறிக்கையைப் படிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இதுவே அதிகம். நீரிழிவும் வயிற்றுக் கொழுப்பும் புகைப்பதும் ஈறு நோயும், ஏன், போன வாரம் வந்த டிங்கிக் காய்ச்சலும் சிஆர்பியை ஏற்றிவிடும். ஆகவே அந்த எண்ணை வைத்து மனச்சோர்வு உண்டென்றோ இல்லையென்றோ முடிவு செய்ய இயலாது. அரசு கிளினிக்குகளில் இன்றும் மருத்துவர் கேள்வித்தாளைக் கொண்டும், நோயாளியிடம் நேரில் பேசியுமே மனச்சோர்வைக் கண்டறிகிறார்.