ஒரே குடம், இரண்டு நோய்

காலராவும் டைபாய்டும் ஒரே குடத்துத் தண்ணீரில் இருந்து வரக்கூடியவை. மலம் கலந்த தண்ணீரைக் குடித்தவருக்கு இரண்டில் எதுவும் வரலாம். இரண்டு கிருமிகளும் வாய்வழியே நுழைகின்றன. இரைப்பையின் அமிலத்தில் பெரும்பகுதி மடிய, தப்பியவை சிறுகுடலுக்குப் போய்ச் சேர்கின்றன. அதுவரைக்கும் பாதை ஒன்றுதான். குடலின் சுவரை அடைந்ததும் பிரிந்துவிடுகின்றன. காலராக் கிருமி அந்தச் சுவரைத் தாண்டுவதே இல்லை. டைபாய்டு கிருமி தாண்டிய பிறகுதான் வேலையையே தொடங்குகிறது. இரண்டையும் ‘கிருமித் தொற்று’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். சொல்வதில் குற்றமில்லை. வைத்தியத்தையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறோமே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தென் மாவட்டங்களில் கோபம் தலைக்கேறினால் ‘கழிச்சல்ல போக’ என்று ஏசுவது உண்டு. காலையில் வயலுக்குப் போனவர் இரவில் இல்லை என்ற பழைய பயம் அந்த வசவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலரா அவ்வளவு வேகமானது. கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலேயே தொடங்கலாம். மிஞ்சினால் ஐந்து நாள். கஞ்சித் தண்ணீர் போல வெளுத்துப் போகும். கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பு ஏற்படும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. இந்த ஒன்றே கிருமியின் குணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அது உடலுக்குள் ஊடுருவவில்லை. ஊடுருவாத பகைவனை எதிர்த்து உடல் கொதிப்பதும் இல்லை.

அப்படியானால் ஆளைக் கொல்வது எது? 1884இல் கொல்கத்தாவில் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டிய ராபர்ட் கோக், ஏதோ ஒரு நஞ்சுதான் காரணம் என்று கருதினார். அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. நிரூபித்தவர் அதே கொல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே. முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியது. பிறகு 1959இல், கிருமிகளை முழுவதும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. கிருமி இல்லாமலே காலரா! பெரிய கருவி எதுவும் இல்லாமல் இத்தனை தெளிவான விடையைப் பெற்ற இந்திய ஆய்வுகள் வெகு சில. அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும்.

அந்த நஞ்சு குடல் செல்லின் மேற்பரப்பில் ஒட்டி, தன் ஒரு துண்டை உள்ளே அனுப்புகிறது. செல் உப்பையும் நீரையும் வெளியே விடுவதற்கு ஒரு திருகு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு திருகைத் திறந்த நிலையிலேயே இறுக்கிவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்டுகிறது, பின்னாலேயே சோடியமும் நீரும் போகின்றன. செல் சாகவில்லை, சுவர் கிழியவில்லை. கிருமிக்கு இதனால் லாபம் உண்டு. அந்த வெள்ளத்திலேயே கோடிக்கணக்கில் வெளியேறி அடுத்த குளத்துக்கும் கிணற்றுக்கும் போய்விடுகிறது. மனித உடல் அதற்கு ஒரு வாய்க்கால்.

டைபாய்டு கிருமிக்கோ உடல் குடியிருக்கும் வீடு. சிறுகுடலின் சுவரில் நிணநீர்த் திட்டுகள் உண்டு. குடலில் வருபவர் யார் போகிறவர் யார் என்று பார்க்கும் காவல் சாவடிகள் அவை. கிருமி அந்தச் சாவடி வழியாகவே உள்ளே போகிறது. அதைப் பிடித்து அழிக்க வேண்டிய விழுங்கு செல்கள் பிடிக்கின்றன, ஆனால் அழிக்க முடிவதில்லை. கிருமி அந்தச் செல்லுக்குள்ளேயே பெருகி, அதிலேயே ஏறிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவுகிறது. இவ்வளவும் நடக்கும் ஒன்றிரண்டு வாரம் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. பெருகியவை மறுபடி ரத்தத்தில் இறங்கும்போதுதான் காய்ச்சல், நாளுக்கு நாள் படியேறுவது போல உயர்கிறது. தொடக்கத்தில் பலருக்கு வயிற்றுப்போக்குகூட இருப்பதில்லை, மலச்சிக்கல்தான். கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் அந்த நிணநீர்த் திட்டுகள் புண்ணாகி, குடல் ஓட்டையாகலாம்.

குணமானவர்களில் சிலரின் பித்தப்பையில் கிருமி தங்கிவிடுகிறது. பித்தக்கல் இருந்தால் அதன்மேல் படலமாகப் படிந்து, ஆண்டுக்கணக்கில் மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மாலன் என்ற பெண், தான் வேலை பார்த்த வீடுகளில் டைபாய்டு வரக் காரணமாக இருந்தவர் என்று 1907இல் கண்டுபிடித்தார்கள். அவருக்கு நோய்க்குறி ஒன்றும் இல்லை. தனித்தீவில் அடைத்தார்கள், விட்டார்கள், மறுபடி சமையலுக்குப் போனதால் 1915இல் திரும்பவும் அடைத்தார்கள். 1938இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருக்கு இழைத்தது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இப்படி ஒரு கதை காலராவில் நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. வாய்க்காலில் ஓடுவது தங்காது.

வைத்தியமும் இங்கேதான் பிரிகிறது. காலராவில் குடல் செல் உயிரோடு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உள்ளே இழுக்கும் அதன் வாசலை நஞ்சு தொடுவதில்லை. ஓஆர்எஸ் கரைசல் நுழைவது அந்த வாசல் வழியே. 1971இல் வங்கப் போர் அகதிகள் நிரம்பிய போங்காவ் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. 1992இல் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. கிருமியின் மேலுறை மாறியிருந்ததால் பழைய எதிர்ப்புச்சக்தி அதனிடம் பலிக்கவில்லை. நஞ்சு மட்டும் பழையதே. அதனால் பழைய கரைசலே போதுமானதாக இருந்தது. ஆன்டிபயாடிக் காலராவில் துணை மருந்துதான்.

டைபாய்டில் அதுதான் உயிர்நாடி. செல்லுக்குள் ஒளிந்திருப்பதைக் கொன்றாக வேண்டும். தண்ணீர் கொடுத்து வெளியேற்ற முடியாது. 1948இல் குளோராம்பெனிகால் வந்தது. கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் பழகியது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய வகைக்கு வாயால் சாப்பிடும் மருந்தாக அசித்ரோமைசின் ஒன்றே மிஞ்சியது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்தும் ஒவ்வொரு மாத்திரையும் அந்தப் பழக்கத்துக்கு உதவி செய்கிறது.

பேதி கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால், முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டினால் அளவு கெடும். கண் குழிந்து துவண்டுபோனவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். ஒரே ஒரு வைடால் பரிசோதனையை நம்பி முடிவு கட்டாமல், ரத்தக் கல்ச்சர் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முதல் ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே கேளுங்கள்.