நான்கு போல்ட்டுகளின் சரித்திரம்

"மரை கழண்டவன்" என்று நாம் ஒருவனைக் கேலி செய்கிறோமே, அந்த மரைக்கு ஒரு சரித்திரம் உண்டு என்றால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ! ராஜாக்களுக்கும் யுத்தங்களுக்கும் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். கோயில்களுக்கும் குளங்களுக்கும்கூட எழுதியிருக்கிறார்கள். ஒரு போல்ட்டைச் சுற்றி ஓடும் பள்ளத்துக்கு எழுதுவானேன்? எழுதத்தான் வேண்டும். பழைய மோட்டார் காரின் எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டும்போது, அந்தப் பள்ளங்களை நம்பித்தான் அது அந்தரத்தில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு மனிதனின் கால் இருக்கிறது.

எஞ்சின் ஸ்டாண்டு பார்வைக்கு அற்ப சாதனம். சக்கரம் வைத்த இரும்புச் சட்டம்; அதன் ஒரு முனையில் நெட்டுக்குத்தாக ஒரு கம்பம்; கம்பத்தின் தலையில் சுழலக்கூடிய ஒரு தட்டு; தட்டில் நான்கு கைகள். கியர் பாக்ஸைக் கழற்றிய பிறகு எஞ்சினின் முதுகில் தெரியும் துவாரங்களில் இந்தக் கைகளை வைத்து, போல்ட்டுப் போட்டு முடுக்கினால், எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். நெல் மூட்டையை விடக் கனமான பண்டம்! மேலே உள்ள இரண்டு போல்ட்டுகளையும் அந்தப் பாரம் வெளியே பிடுங்கப் பார்க்கும். கீழ்ப் பக்கம் தட்டோடு அழுந்திக் கிடப்பதால் அங்கே உள்ள இரண்டுக்கும் கவலை குறைவு. எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினால் கவலையும் இடம் மாறிவிடும்.

இனி மரைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை ஒரு மரை. ஒருவர் செய்த போல்ட்டு இன்னொருவர் செய்த நட்டில் ஏறாது. ஜோஸப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்து, 1841-ல் ஒரு பொது அளவைச் சொன்னார். பள்ளத்தின் கோணம் 55 பாகை. இன்ன குறுக்களவுக்கு அங்குலத்துக்கு இத்தனை சுற்று. ரயில் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? 1864-ல் வில்லியம் ஸெல்லர்ஸ் பிலடெல்பியாவில் எழுந்து, 55 பாகையை அளந்து வெட்டுவது சிரமம், 60 பாகைதான் சுலபம் என்றார். ஐந்து பாகை வித்தியாசம்! அந்த ஐந்து பாகை அட்லாண்டிக் சமுத்திரத்தைப் போல இரு தேசங்களுக்கும் நடுவே எண்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது. ரோல்ஸ்ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்யப் புகுந்த பாக்கார்டு கம்பெனி, பிரிட்டிஷ் மரைகளை அப்படியே வெட்டுவதற்காகக் கருவிகளையே புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்தபின், 1948 நவம்பர் 18-ந் தேதி வாஷிங்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கையெழுத்திட்டு ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. கோணம் 60 பாகை. விட்வொர்த் தம் சொந்த ஊரிலேயே தோற்றார். ஆனால் அளவு மட்டும் அங்குலமாகவே நின்றது.

அதே 1948-ல்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது. வண்டலூரில் அதன் தொழிற்சாலை. 1961 முதல் அங்கே ஹெரால்டு கார் உருவாயிற்று. மூடியை முன்பக்கமாகச் சாய்த்தால் எஞ்சின் முழுவதும் கண்காட்சி போலத் தெரியும் அழகான சின்ன கார். எஞ்சின் 948 ஸி.ஸி.; 1953-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 ஸி.ஸி.யாகப் பிறந்த அதே குடும்பம். வாஷிங்டன் ஒப்பந்தத்தின் மரைதான் அதன் மரை. வேடிக்கையைப் பாருங்கள். நம் நாடு 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டு, 1957-ல் நயா பைசாவும் கொண்டுவந்துவிட்டது. அணாவும் அங்குலமும் விடைபெறத் தொடங்கிய தேசத்துக்குள் அந்தக் கார் அங்குல மரையோடு வந்து சேர்ந்தது.

இதன் பலனை நசரத்பேட்டையில் கண்ணால் பார்த்தேன். வண்டலூரில் புறப்படும் வெளிவட்டச் சாலை, பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடப்பது அங்கேதான். வண்டலூரில் பிறந்த ஹெரால்டு ஒன்றின் எஞ்சின், அதே சாலைக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் தகரக் கொட்டகையில் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. உதவிக்கு நின்ற பையன் துவாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எட்டு எம்.எம். போல்ட்டு தானே? டப்பா நெறைய கெடக்குது" என்றான்.

"டேய், கைய எடு. அது இஞ்சு மரைடா. ரெண்டு சுத்து போகும், அப்பாலே கடிக்கும்" என்றார் மேஸ்திரி.

பையன் கண்ணுக்குத் தப்பில்லை. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். எட்டுக்கும் அதற்கும் ஒரு மயிரிழைதான் பேதம். ஆனால் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.25 மில்லிமீட்டர். அங்குலப் போல்ட்டில் கரடு மரையானால் 1.41, நெருக்க மரையானால் 1.06. முதல் சுற்று சுகமாகப் போகும். பிறகு ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் வார்ப்பிரும்பு மரை பொடிப்பொடியாக உதிரும். போல்ட்டோ இறுகிவிட்டதாக நடிக்கும்! அந்த நடிப்பைப் போல ஆபத்தானது பட்டறையில் வேறில்லை. பிளாக் கெட்டால் மாற்றுப் பிளாக் கேட்டுப் போக வண்டலூரில் இன்று யாருமில்லை. 1988-லேயே அங்கே கார் செய்வது நின்றுவிட்டது.

மேஸ்திரி பழைய போல்ட்டுகளைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிலவற்றின் தலையில் வட்டமான ஒரு குழிவு. ஒப்பந்த மரை என்பதற்கு அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அடையாளம் அது. ஆனால் ஸ்டாண்டின் கைக்கும் சேர்த்து நீளம் போதாது என்று, அதே மரையில் நீளமானவை நான்கு தேடிப்பிடித்து வைத்திருந்தார். அவற்றின் தலையில் மூன்று கோடுகள். உறுதியான எஃகு என்று அர்த்தம். முதலில் ஒவ்வொன்றையும் வெறும் விரலால் திருகினார். விரலுக்கு இணங்காத போல்ட்டை ஸ்பானரிடம் கொடுக்கக் கூடாதாம். குறுக்களவைப் போல ஒன்றரை மடங்காவது, அதாவது 12 மில்லிமீட்டர், வார்ப்பிரும்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று கம்பி விட்டு அளந்தார். எஞ்சின் தட்டோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவுக்குப் பிடுங்கும் விசை குறையும் என்று இடைக்குழாய்களைக் கட்டையாக வெட்டச் சொன்னார். சுழலும் அச்சு எஞ்சினின் கன மையத்துக்கு நேராக வரும்படி கைகளை நகர்த்தி நகர்த்தி வைத்தார். இல்லாவிட்டால், திருப்புகிறவன் கையை முறுக்கிக்கொண்டு எஞ்சின் தானாகவே புரண்டுவிடும்.

செயினைத் தளர்த்தினார், கழற்றவில்லை. கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு டீ சாப்பிடப் போனோம். திரும்பி வந்து தட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. பிறகுதான் செயினை எடுத்து, "இப்போ திருப்புடா, மெதுவா" என்று பையனிடம் சொன்னார்.