வாஷிங்டனின் பல்செட்

ஜார்ஜ் வாஷிங்டன் கட்டியிருந்தது மரப்பல் என்றுதான் நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மரமே கிடையாதாம். 1789இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது அவர் வாயில் மிச்சம் ஒரே பல். ஜான் கிரீன்வுட் செய்த செட்டு நீர்யானைத் தந்தத்தில் செதுக்கியது. அதில் மனிதப் பற்களும் உண்டு. மேல் கீழ் இரண்டையும் ஸ்பிரிங் இணைக்கும். தாடையை இறுக்கிப் பிடிக்காவிட்டால் வாய் திறந்துகொள்ளும். இதோடு சாப்பிடணும், பேசணும்!

என்னை உறுத்தியது வேறு. 1784 மே மாதக் கணக்கில், கறுப்பின மக்களிடம் 9 பல் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங் என்று பதிவாகியிருக்கிறது. அவருடைய பண்ணை அடிமைகளாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. காசு கொடுத்தாரே என்பார்கள். சரி, தரமாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? தொகை ஷில்லிங் வரை இருக்கிறது. ஒருத்தர் பெயரும் இல்லை.