ஆரூர் வட்டாரச் சமணமும் நூலக அலமாரிகளும்

திருவாரூரில் சமணப் பள்ளிகள் இருந்தன என்ற செய்தியைப் பாதுகாத்துத் தந்தது சமண நூலன்று. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணமே. பார்வையற்ற தண்டியடிகள் கமலாலயக் குளத்தை அகழ்ந்தபோது, சிற்றுயிர்கள் மடியும் என்று சமணர் தடுத்ததாகவும், முடிவில் அவர்கள் ஊரினின்றும் அகற்றப்பட்டு, பள்ளிகள் இடிக்கப்பட்டுக் குளம் விரிவாக்கப்பட்டதாகவும் அப்புராணம் உரைக்கிறது. மாற்றுச் சமயத்தார் கூற்றென்று இதனை ஒதுக்குவோர் உண்டு. அது சரியன்று. சமணரை எதிர்த்து எழுந்த நூலிலேயே அவர்தம் கொல்லாமைக் கொள்கை பிறழாமல் பதிவாகியிருப்பது எளிய சான்றா?

இவ்வட்டாரத்தில் தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் சினாலயங்கள் இன்றும் உள்ளன. ஆயின் கல்வியையும் பிழைப்பையும் நாடி நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலருக்குப் பாட்டனாரின் ஊர்ப்பெயரைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. அந்த ஒற்றை ஊர்ப்பெயரே தேடலுக்குப் போதிய தொடக்கமாகும்.

தேடுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. திருவாரூர் மாவட்டம் 1997இல்தான் தோன்றியது; பழைய நூல்களில் இவ்வூர்களைத் தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்த்தான் காண இயலும். வெங்கசாமி ராவ் 1883இல் எழுதிய தஞ்சை மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1906இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் ஆங்கில நூல்கள். தமிழில் மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’ (1954) மாவட்டவாரியாகச் சமண ஊர்களைத் தொகுத்துரைக்கிறது. இதிலிருந்து தொடங்குவது எளிது. உள்ளூர் நூலகத்தில் கிடைக்காதவற்றைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடலாம். 1931இலேயே கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பியது மன்னார்குடிப் பகுதியில்தான். அந்த மண்ணின் மக்கள் நூலகப் படியேறத் தயங்குவது வியப்பே.

குடும்ப வரலாற்றைத் தேடுவோர்க்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஓர் அரிய வாயில். 1880இல் கும்பகோணம் கல்லூரிப் பணியேற்ற ஐயர், சீவகசிந்தாமணியின் பொருள் விளங்காமல் திகைத்து, அவ்வூர்ச் சைனர்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயங்களைத் தீர்த்தனர். ஒருநாள் ஐயர் சென்றபோது அவர்கள் வீட்டில் கோலமும் தோரணமும் விளங்கின. பல மாதங்களாக நடந்த சிந்தாமணிப் படிப்பு நிறைவுற்ற விழா அது. புலவர்கள் கைவிட்ட காப்பியம் ஒரு சைன இல்லத்தில் சமய நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது! 1887இல் அது அச்சேறியதில் டெல்டாச் சைனர் வீடுகளுக்கும் பங்குண்டு. ஐயர் நன்றியுடன் குறிப்பிடும் பெயர்களுள் தம் முன்னோர் பெயர் உண்டா என்று தேடிப் பார்த்த குடும்பங்கள் எத்தனை?

1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் சுவடி விளக்க அட்டவணைகளும் பார்க்கத்தக்கன. ஏடெழுதியவர் பெயரும் ஊரும் எழுதி முடித்த நாளும் சில ஏடுகளின் இறுதியில் காணப்படும். இல்லங்களின் பரண்களில் எஞ்சியுள்ள ஏடுகளுக்கும் இது பொருந்தும். அவற்றை ஆற்றிலிடவோ பிறரிடம் கொடுக்கவோ எண்ணுவோர், அதற்குமுன் கடைசி ஏட்டைத் தக்கவரைக்கொண்டு படித்துப் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.