சமரசப் பேச்சில் நரம்பியல் பன்மையரும் மனக்காயமுற்றோரும்

தகராறில் சிக்கிய இரு தரப்பை நடுநிலையாளர் ஒருவர் பேசவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவரும் சமரச முறை, நேருக்கு நேர் உட்கார்ந்து உடனுக்குடன் பதில் சொல்ல எல்லோராலும் முடியும் என்று வைத்துக்கொள்கிறது. ஆட்டிசம், ஏடிஎச்டி போன்ற நரம்பியல் பன்மை உள்ள பலருக்கு அது பொருந்துவதில்லை. முகம் பாராமல் பேசினால் பொய்யென்றும், பதிலுக்கு நேரமெடுத்தால் பிடிவாதமென்றும் அவர்கள்மீது பழி விழுகிறது. இந்தப் புரியாமை இரு பக்கமும் உண்டு என்று, தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டார். இதற்கு அவர் இட்ட பெயர் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’.

மனக்காயமுற்றவர் எதிராளியின் குரல் உயர்ந்ததுமே உறைந்துபோகலாம். நடந்ததை முன்பின்னாகச் சொல்லலாம். அதை முரண்பாடாகக் கொள்வது அநியாயம்.

கேள்விகளை முன்கூட்டியே எழுதித் தருவது, இரைச்சலற்ற அறை, இடைவேளை, துணைக்கு ஓர் ஆள் ஆகியவை வழக்கமான ஏற்பாடுகள். இரு தரப்பையும் தனித்தனி அறையில் அமர்த்தி, சமரசர் மாறிமாறிப் போய்வருவதும் உண்டு. உடன்பாட்டின் சொற்களும் தெளிவாக இருக்க வேண்டும்: ‘கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்கள்’ என்பதைவிட, ‘மாலை 6 மணிக்குமேல் அழைப்பதில்லை’ என்ற வரியே அதில் நிற்கும். பயந்து தலையாட்டுவதும் சம்மதம்போலவே தோன்றுமாதலால், அன்றே கையெழுத்து வாங்காதிருப்பது நல்லது.

குடும்ப வன்முறையில் இந்த ஏற்பாடுகள் போதா. பெண்கள் மீதான வன்முறை குறித்த 2011ஆம் ஆண்டின் இஸ்தான்புல் உடன்படிக்கை, அத்தகைய வழக்குகளில் சமரசத்தைக் கட்டாயமாக்குவதைத் தடைசெய்ய உறுப்புநாடுகளைப் பணிக்கிறது.