வரிசை தப்பிய பட்டம்

செட்டிநாட்டுப் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகங்களில் இரண்டைச் சொல்கிறேன். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் சிதம்பரம் கல்லூரிகள் 1929ல் பல்கலைக்கழகம் ஆயின. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947ல் காரைக்குடியில் ஆரம்பித்த கல்லூரிதான் 1985ல் வந்த அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வேர்.

இரண்டிலும் பிறகு தொலைநிலைக் கல்வி வந்தது. சிதம்பரத்தில் 1979, காரைக்குடியில் 1992. கல்யாணத்தோடு படிப்பை விட்டவர்கள், கடையில் கல்லாவுக்குப் போய்விட்டவர்கள் எல்லாம் நாற்பது வயதில் அப்ளிகேஷன் வாங்கினார்கள். சிதம்பரம் இன்னும் ஒரு படி மேலே போய், திறந்தநிலை முறை என்று சொல்லி, இளங்கலை இல்லாதவர்களையும் நேராக முதுகலையில் சேர்த்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு.

2009ல் அந்தப் பல்கலைக்கழகமே தரப்பாக இருந்த வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாத முதுகலை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் அரசாணை 107 வந்தது. பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி. இந்த வரிசையில் படிக்காதவரின் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ உதவாது.

தரம் வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் சேர்த்துக்கொண்டு பட்டமும் கொடுத்தது பல்கலைக்கழகம். பதவி உயர்வை இழந்தது நாற்பது வயசு மாணவர். டிகிரி வாங்கிய பிறகு பிளஸ் டூ எழுதி ஈடுகட்டப் பார்த்தவர்களையும் அந்த வரிசை விடவில்லை.

அதனால்தான் காரைக்குடியில் யாராவது இப்போது, “தபால்ல டிகிரி சேரலாமா தம்பி?” என்று கேட்டால், நான் முதலில் கேட்பது பிளஸ் டூ மார்க் ஷீட்டை. இல்லையென்றால் முதலில் தனித்தேர்வராக அதை எழுதிடுங்கக்கா. டிகிரி அப்ளிகேஷன் அதுக்கப்புறம்.