2,000 வீடுகள் வந்தா ரோடு தாங்குமா? டிராஃபிக் பாதிப்பு ஆய்வு எப்படி நடக்குது? முழு விளக்கம்

உங்க ஏரியாவுல பல வருஷமா காலியா கிடந்த இடம். திடீர்னு சுற்றிலும் தகர வேலி. 'விரைவில் 2,000 அடுக்குமாடி வீடுகள்' என்று ஒரு பெரிய போர்டு. டீக்கடையில் முதலில் வரும் பேச்சு இதுதான்: "இனிமே இந்த ரோட்டுல ஆபீஸ் போன மாதிரிதான்!"

இந்தக் கவலைக்குக் கணக்குப் போட்டு பதில் சொல்வதுதான் போக்குவரத்து பாதிப்பு ஆய்வு. கட்டடம் எழும்புவதற்கு முன்பே, அதனால் சாலையில் எத்தனை வண்டிகள் கூடும், ரோடு தாங்குமா, தாங்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இது சொல்ல வேண்டும்.

யாருக்கு இது பொருந்தும்?

2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டுமானப் பரப்பு கொண்ட திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 1,50,000 சதுர மீட்டரைத் தொட்டால் அது டவுன்ஷிப் பிரிவுக்குள் போய்விடும்.

இந்த அனுமதிக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகுத்துள்ள பொதுவான நிபந்தனைகளில் ஒன்று ரொம்ப முக்கியம். திட்டத்தைச் சுற்றி 5 கி.மீ. வட்டத்தில் உள்ள சாலைகளின் இப்போதைய சேவைத் தரம் குறையக் கூடாது. அந்த வட்டத்தில் வரப்போகும் மற்ற திட்டங்களையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஆய்வு எப்படி நடக்கும்?

முதலில் எண்ணிக்கை. இப்போது காலை, மாலை பீக் ஹவரில் எத்தனை வண்டிகள் போகின்றன என்று சந்திப்பு சந்திப்பாக எண்ணுவார்கள். அடுத்து, புது கட்டடத்தால் எத்தனை பயணங்கள் கூடும் என்ற மதிப்பீடு. வீடு, ஐ.டி. ஆபீஸ், மால், ஆஸ்பத்திரி என ஒவ்வொன்றுக்கும் இது மாறும். மூன்றாவது, அந்தப் பயணங்கள் எந்தப் பக்கம் போகும், கார், பைக், பஸ், ரயில் இதில் எதில் போகும் என்று பிரிப்பார்கள். கடைசியாக, இதை எல்லாம் சாலை மேல் ஏற்றிப் பார்ப்பார்கள்.

பஸ்ஸும் பைக்கும் ஒரே இடத்தையா பிடிக்கும்? இல்லை. அதனால் எல்லா வண்டியையும் 'கார் அலகு' என்ற ஒரே அளவுக்கு மாற்றுவார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி கார் 1, பைக் 0.5 முதல் 0.75, பஸ் 2.2 முதல் 3.7.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

இது புரிவதற்கான உதாரணம் மட்டுமே. 2,000 வீடுகள். காலை ஒரு மணி நேரத்தில் 1,000 காரும் 800 பைக்கும் வெளியே வருவதாக வைத்துக்கொள்வோம். பைக்குக்கு 0.75 என்றால் மொத்தம் 1,600 கார் அலகு.

நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழி முக்கியச் சாலைக்கு, இரு திசையும் சேர்த்து மணிக்கு 3,600 அலகு என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதில் ஏற்கெனவே 2,700 ஓடுகிறது என்றால், புதுசும் சேர்ந்து 4,300. ரோடு திணறும்!

இதிலேயே பாதிப் பேர், அதாவது 900 பேர் பஸ்ஸில் போனால்? பஸ்ஸுக்கு 50 பேர் வீதம் 18 பஸ் போதும். அதிகபட்ச அளவான 3.7-ஐ வைத்தாலும் அது சுமார் 67 அலகுதான். மீதிக் கார், பைக்குக்கு 800. மொத்தம் 3,567. ஒரு வழியாகச் சமாளிக்கலாம்.

கட்டடமும் ரோடும் அதேதான். மக்கள் எதில் போவார்கள் என்ற அனுமானம் மாறியதும் முடிவே மாறிவிட்டது. ஆய்வறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்று, இந்த 3,600 ஓரத்தில் பார்க்கிங், கடை வாசல் எதுவும் இல்லாத சாலைக்கு. கடைகள் வரிசையாக உள்ள நான்கு வழிச் சாலைக்கு அளவு 1,800 வரை இறங்கிவிடும். பேப்பரில் நான்கு வழி, நேரில் இரண்டு வழி என்ற கதைதான்.

கிளாம்பாக்கம் சொல்லும் பாடம்

சென்னைவாசிகளுக்கு இது புதுசு இல்லை. 88.52 ஏக்கரில் கட்டப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. கோயம்பேடு நெரிசலைக் குறைப்பது நோக்கம். ஆனால் திறந்த அன்று, பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும் ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி ரயில் பக்கம் போக ஆகாய நடைபாலமும் இல்லை. மெட்ரோவோ விமான நிலையத்தோடு நின்றது. நகருக்குள் வர மாநகரப் பேருந்து, இல்லாவிட்டால் ஆட்டோ, கால் டாக்ஸி. நள்ளிரவில் பெட்டி, குழந்தையோடு இறங்கியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பாடம் இதுதான்: பஸ், ரயில் வசதி வரும் என்று எழுதினால் போதாது. எப்போது வரும் என்பதும் முக்கியம். ஆட்கள் குடியேறிய பிறகு மூன்று வருஷம் கழித்து ஸ்டேஷன் வந்தால், அதற்குள் எல்லாரும் கார், பைக் வாங்கியிருப்பார்கள்.

ரோட்டை அகலப்படுத்தினால் சரியாகிடுமா?

அது மட்டும் போதாது. அகலமான ரோடு இன்னும் அதிக வண்டிகளை இழுக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், 2013-ல் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக 2020 ஜூலை முதல் அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். சந்திப்பில் வண்டிகள் எவ்வளவு நேரம் தாமதமாகின்றன என்பதற்குப் பதிலாக, திட்டத்தால் மக்கள் எத்தனை மைல் கூடுதலாக வண்டி ஓட்ட வேண்டியிருக்கும் என்று பார்க்கிறார்கள்.

நீங்க என்ன செய்யலாம்?

கட்டட, டவுன்ஷிப் திட்டங்களுக்கு 2006 அறிவிக்கை பொது விசாரணையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. உங்களைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும். 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்ப ஆவணங்களைப் பார்க்கலாம். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கையில் கிடைத்ததும் இதையெல்லாம் பாருங்க:

• வண்டிகளை எண்ணிய நாள் எது? பள்ளி விடுமுறையா, வேலை நாளா?
• பக்கத்தில் வரும் மற்ற திட்டங்களைச் சேர்த்தார்களா?
• எத்தனை சதவீதம் பேர் பஸ், ரயிலில் போவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்? அந்த பஸ் இன்று ஓடுகிறதா?
• நடைபாதை, மேம்பாலம், சிக்னல் யார் செலவில், எந்தத் தேதிக்குள்?

அனுமதி பெற்ற நிறுவனம் நிபந்தனைகளைப் பின்பற்றிய விவரத்தை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1 மற்றும் டிசம்பர் 1-ல் தாக்கல் செய்ய வேண்டும். அதையும் கேட்டுப் பெறலாம். முதல் குடும்பம் பால் காய்ச்சுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கட்டி முடித்த பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்!